எங்கள் ஐந்து மணி எங்கே போகிறது?

எங்கள் மாதர் சங்கக் கூட்டம் மாதத்தில் முதலாவது ஞாயிற்றுக்கிழமை நடைபெறும். சேமிப்புக் கணக்குப் பார்த்து முடிந்ததும் தேநீர் குடித்தபடி சிறிது நேரம் கதைத்துக்கொண்டிருப்போம். நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. வாசித்த ஒன்றை நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. சென்ற கூட்டத்தில் அமெரிக்க மர்ம நாவலாசிரியை மேரி ஹிக்கின்ஸ் கிளார்க்கின் கதையைச் சொன்னேன். முப்பத்தாறு வயதில் கணவனை இழந்தவர், ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர், தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து குசினி மேசையில் இருந்து எழுதி உலகப் புகழ் பெற்றவர் என்று கொஞ்சம் உற்சாகமாகவே சொல்லி முடித்தேன்.

பனையோலைப் பின்னல் செய்யும் சகோதரி ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"ரீச்சர், அவ அஞ்சு மணிக்கு எழும்பினவ எண்டு சொல்லுறியள். நாங்களும் அஞ்சு மணிக்குத்தானே எழும்புறம். எங்கட அஞ்சு மணி எங்க போகுது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு அன்று என்னால் மறுமொழி சொல்லவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து அந்த எழுத்தாளரின் சுயசரிதையை மறுபடியும் எடுத்து வாசித்தேன். நான் எங்களுடைய பெண்களுக்கு அவரது கதையின் கடைசிப் பக்கத்தை மட்டுமே சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. முழுக் கதையையும் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வாடகைக்குப் போன அறை

மேரி 1927 டிசெம்பர் 24 ஆம் திகதி நியூயோர்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்து வழிவந்தவர்கள். தகப்பனார் ஒரு மதுச்சாலை நடத்தினார். 1929 இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடி அமெரிக்காவை வாட்டிய காலம் அது. வாடிக்கையாளர்கள் கடனுக்குக் குடித்தார்கள், கடனைத் திருப்பிக் கொடுக்க அவர்களிடம் வழியில்லை. தகப்பனார் நாள் முழுவதும் பாடுபட்டார். 1939 இல், மேரிக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது, திடீரென இறந்துபோனார்.

தாயார் நோரா மூன்று பிள்ளைகளுடன் தனித்துப்போனார். வேலை தேடி அலைந்தார். பல வருடங்களாக வீட்டில் இருந்த நடுத்தர வயதுப் பெண்ணுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. கடைசியில் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டார். மேரியின் படுக்கையறையும் வாடகைக்குப் போனது. தளபாடங்களுடன் அறைகள் உண்டு, குசினியையும் பாவிக்கலாம் என்று தாயார் அறிவித்தல் போட்டார். பல வருடங்களின் பின்னர், 2002 இல், மேரி தன் சுயசரிதையை எழுதியபோது 'குசினியைப் பாவிக்கும் உரிமை' என்று பொருள்படும் அந்த அறிவித்தல் வார்த்தைகளையே நூலின் பெயராக வைத்தார். பெரும் செல்வம் வந்த பிறகும் அந்த வீட்டை அவர் மறக்கவில்லை.

அறை வாடகையும் போதவில்லை. வீட்டுக் கடனைக் கட்ட முடியாமல் அந்த வீடு கைவிட்டுப் போனது. மூன்று அறைகள் கொண்ட சிறிய குடியிருப்புக்கு அவர்கள் மாறினார்கள். மேரியின் மூத்த சகோதரன் ஜோசப் பாடசாலைக் கல்வி முடிந்ததும் இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர்ந்தான். ஆறு மாதங்கள்தான். மூளைக்காய்ச்சல் கண்டு இறந்துபோனான். அவனுடைய இறப்புக்காகத் தாயாருக்கு வாழ்நாள் முழுவதும் ஓய்வூதியம் கிடைத்தது. பிள்ளையைக் கொடுத்துப் பெற்ற காசு. அந்தக் காசைக் கையில் வாங்குவது எப்படியிருக்கும் என்று இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் சகோதரிகள் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மேரி பாடசாலை முடிந்ததும் பின்னேரங்களில் ஒரு ஹொட்டேலில் தொலைபேசி இணைப்பு வேலை செய்தார். அங்கே தங்கியிருந்தவர்களில் நாடகாசிரியர் டெனசி வில்லியம்ஸும் ஒருவர். மற்றவர்களுடைய உரையாடல்களை ஒளித்துக் கேட்கும் பழக்கம் மேரிக்கு இருந்தது. ஆனால் பெரிய நாடகாசிரியரின் பேச்சில் சுவாரசியமாக எதுவும் கிடைக்கவில்லையாம்! பின்னர் செயலாளர் பயிற்சி பெற்று ஒரு கம்பனியில் வேலை பார்த்தார். உலகத்தைப் பார்க்கும் ஆசையில் பான் அமெரிக்கன் விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். 1949 டிசெம்பரில் வாரன் கிளார்க்கைத் திருமணம் செய்துகொண்டார்.

ஆறு வருடங்கள், நாற்பது மறுப்புகள்

அன்று நான் கூட்டத்தில் சொல்லாமல் விட்ட பகுதி இதுதான். மேரி கணவனை இழந்த பிறகு எழுதத் தொடங்கியவர் அல்லர். திருமணமானவுடனேயே நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் கதை எழுதும் வகுப்பொன்றில் சேர்ந்தார். அங்கே பேராசிரியர் ஒரு வழியைச் சொல்லிக்கொடுத்தார். பத்திரிகையில் வந்த ஒரு செய்தியை, அல்லது தனக்கு நேர்ந்த ஒரு சம்பவத்தை எடுத்து, 'இப்படி நடந்திருந்தால்?', 'அப்படி நடந்தால் என்ன ஆகும்?' என்று தன்னையே கேட்க வேண்டும். மேரி தன் வாழ்க்கை முழுவதும் இந்த வழியைக் கைவிடவில்லை.

விமானப் பணிப்பெண்ணாக இருந்தபோது செக்கோஸ்லோவாக்கியாவுக்குச் சென்ற பயணத்தை நினைத்து, விமானத்தில் ஒளிந்திருக்கும் ஒருவனைக் கண்டுபிடிக்கும் பணிப்பெண்ணைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினார். அதைச் சஞ்சிகைகளுக்கு அனுப்பினார். திரும்பி வந்தது. மீண்டும் அனுப்பினார். மீண்டும் திரும்பி வந்தது. இப்படி ஆறு வருடங்களில் நாற்பது தடவைகள். 1956 இல் ஒரு சஞ்சிகை அதை நூறு டொலருக்கு வாங்கியது. இதற்கிடையில் பிள்ளைகளும் பிறந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகள் எழும்புவதற்கு முன்னர் குசினி மேசையில் தட்டச்சுப் பொறியை வைத்து எழுதும் பழக்கம் அவருக்கு அந்த நாட்களிலேயே வந்துவிட்டது.

துன்பம் வந்த நாளில் அவர் கையில் ஏற்கெனவே ஒரு தொழில் இருந்தது என்பதை நாங்கள் மறந்துவிடக்கூடாது. பெண்பிள்ளைகளுக்குக் கைத்தொழில் எதற்கு, கலியாணம் முடித்துக் கொடுத்தால் சரிதானே என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை இரண்டாம் முறையும் சொல்கிறேன்.

1964

1959 இல் வாரனுக்குக் கடுமையான இருதய நோய் இருப்பதாக வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். அதன் பின்னர் ஐந்து வருடங்கள் அந்தக் குடும்பம் பயத்துடனேயே வாழ்ந்தது. 1964 செப்டெம்பரில் மாரடைப்பினால் அவர் இறந்தார். அந்த வேளையில் வாரனின் தாயாரும் அந்த வீட்டில் இருந்தார். மகனின் கட்டிலருகிலேயே விழுந்து, அதே இரவில் அவரும் இறந்துபோனார். ஒரே இரவில் ஒரு வீட்டில் இரண்டு மரணங்கள். ஐந்து பிள்ளைகளும் இன்னும் பள்ளிக்கூட வயதைத் தாண்டவில்லை.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி, அடுத்த வருடம் வன்னியில் என் கணவரை மலேரியாக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள் நான். இந்தப் பக்கத்தை வாசிக்கும்போது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் முற்றத்தில் போய் நின்றேன். நாடு வேறு, பாஷை வேறு. ஆனால் அடுத்த நாள் காலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்ற நிலைமை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

மேரி சும்மா இருக்கவில்லை. அந்தக் காலத்தில் சிறுகதைகளை வெளியிட்ட சஞ்சிகைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக்கொண்டிருந்தன. கதை எழுதிக் குடும்பம் நடத்த முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே வானொலிக்கு எழுதும் வேலையைத் தேடிக்கொண்டார். வரலாற்றில் இடம்பெற்றவர்களைப் பற்றிய நான்கு நிமிட நிகழ்ச்சிகள். நான்கு நிமிடத்துக்குள் ஒரு மனிதருடைய வாழ்க்கையைச் சொல்லி, கேட்பவரை இழுத்துப் பிடிக்கவும் வேண்டும். ஒரு சொல் கூடினாலும் இடமில்லை. பிற்காலத்தில் அவருடைய நாவல்கள் வேகமாக நகர்வதற்கு இந்தப் பயிற்சியே காரணம் என்று சொல்லலாம்.

அந்த வேலை நியூயோர்க்கில், வீடு பக்கத்து மாநிலமான நியூஜேர்சியில். காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போக வேண்டும். மாலையில் வந்து சமையல், உடுப்புத் தோய்ப்பு, பிள்ளைகளின் படிப்பு. இதற்கிடையில் அவருக்கென்று மிஞ்சியது விடியற்காலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரையான இரண்டு மணித்தியாலம் மட்டுமே. அந்த நேரத்தில் அவர் நாவல் எழுதினார்.

விற்காத புத்தகம் கற்பித்த பாடம்

அவரது முதலாவது நாவல் மர்மக் கதை அல்ல. அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதி ஜோர்ஜ் வோஷிங்டனுக்கும் அவருடைய மனைவி மார்த்தாவுக்கும் இடையிலான அன்பைப் பற்றியது. 1960 களின் இறுதியில் வெளிவந்தது. வானத்தை நோக்கி உயர்வது என்ற கருத்தில் பெயர் வைத்திருந்ததால் புத்தகக் கடைக்காரர்கள் அதைச் சமய நூல்களோடு அடுக்கிவிட்டார்கள். யாரும் வாங்கவில்லை.

இரண்டு மூன்று வருட உழைப்பு வீண்போனால் எவருக்கும் மனம் விட்டுப்போகும். மேரி இரண்டு விடயங்களைச் சிந்தித்தார். ஒன்று, ஒரு புத்தகத்தையாவது முடிக்கத் தன்னால் முடிந்திருக்கிறது. மற்றையது, தான் விரும்பி வாசிப்பது என்ன? தன் புத்தக அலுமாரியைப் பார்த்தார். சிறு வயதிலிருந்தே சேர்த்து வைத்தவை பெரும்பாலும் மர்ம நாவல்களே. தான் ஆசையோடு வாசிப்பதையே எழுதினால் என்ன என்று தீர்மானித்தார்.

அக்காலத்தில் நியூயோர்க்கில் ஒரு வழக்குப் பெரிதாகப் பேசப்பட்டது. தன் இரண்டு பிள்ளைகளையும் கொன்றதாக ஒரு தாய் குற்றஞ்சாட்டப்பட்டிருந்தார். மேரி தன் பழைய வழியில் கேள்வி கேட்டார். அப்படிக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒரு தாய் உண்மையில் நிரபராதியாக இருந்தால்? வேறு ஊருக்குப் போய்ப் புதிதாக வாழத் தொடங்கிய பிறகு அவளுடைய மற்றப் பிள்ளைகளும் காணாமற் போனால்? 'பிள்ளைகள் எங்கே?' என்று பொருள்படும் தலைப்பில் அந்த நாவல் உருவானது. பிள்ளைகளுக்கு ஆபத்து நேரும் கதையைப் பெண் வாசகர்கள் விரும்பமாட்டார்கள் என்று சில பதிப்பாளர்கள் மறுத்தார்கள். இறுதியில் சைமன் அன்ட் சூஸ்டர் நிறுவனம் மூவாயிரம் டொலர் கொடுத்து வாங்கியது. சில மாதங்களில் மலிவுப் பதிப்பின் உரிமை மட்டும் ஒரு இலட்சம் டொலருக்கு விலைபோனது. 1975 இல் புத்தகம் வெளிவந்தது. கணவர் இறந்து பதினொரு வருடங்களின் பின்னர்!

அடுத்த நாவலுக்கு மொத்தம் பதினைந்து இலட்சம் டொலர் கிடைத்தது. அந்தச் செய்தி வந்த நாளில் அவர் பழைய கார் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அதன் புகைக்குழாய் கழன்று தெருவில் இழுபட்டதாம். காசு வந்த அன்றும் அவர் ஓட்டியது அந்தக் காரைத்தான்.

காசு வந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. இளமையில் பல்கலைக்கழகம் போக வசதியிருக்கவில்லை அல்லவா? எழுதிக்கொண்டே ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்தார். 1979 இல், ஐம்பத்தொரு வயதில், மிக உயர்ந்த சித்தியுடன் பட்டம் பெற்றார்.

யாரும் நம்பாத பெண்கள்

அதன் பின்னர் நாற்பது வருடங்கள் எழுதினார். அமெரிக்காவில் மட்டும் அவரது நூல்கள் பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கின்றன. 1987 இல் அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கத்தின் தலைவராக இருந்தார். 2000 ஆம் ஆண்டில் அதே சங்கம் அவருக்குத் தன் அதியுயர் கௌரவத்தை வழங்கியது. மகள் கரோலும் மர்ம நாவலாசிரியை ஆனார். தாயும் மகளும் சேர்ந்து எழுதிய நாவல்களும் உண்டு.

கொலைக் கதைகள்தான் என்றாலும் அவரது நூல்களில் இரத்தத்தையோ ஆபாசத்தையோ விரித்து எழுதுவதில்லை. அவரது கதாநாயகிகள் துப்பாக்கி ஏந்திய துப்பறிவாளர்களும் அல்லர். எங்களைப்போல் வேலைக்குப் போய், பிள்ளை வளர்த்து, கடைக்குப் போய் வரும் பெண்கள். ஒருநாள் அவர்களுடைய வாழ்க்கை தலைகீழாகிறது. அவர்கள் சொல்வதைப் பக்கத்திலுள்ளவர்கள் நம்புவதில்லை. முதலாவது மர்ம நாவலில் வரும் தாயையும் ஊர் நம்பவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணே நினைவுகளை ஒன்றோடொன்று பொருத்தி உண்மையைக் கண்டுபிடிக்கிறாள். தனக்கு நடந்ததைச் சொல்லும் ஒரு பெண்ணை யாரும் நம்பாதபோது அவள் படும் பாடு எங்களில் பலருக்குத் தெரியும். அதனாற்றானோ என்னவோ, இந்த நாவல்களைப் பொழுதுபோக்குக் கதைகள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

2019 நவம்பரில் வெளிவந்த அவரது நாவலொன்று, ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளான பெண்களின் வாயை அடைக்க முயல்வதைப் பற்றியது. அப்போது அவருக்கு வயது தொண்ணூற்றொன்று. 2020 ஜனவரி 31 ஆம் திகதி, தொண்ணூற்றிரண்டாவது வயதில் காலமானார்.

எங்கள் ஐந்து மணி

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மேரிக்கு இருந்தவை எங்களில் பலருக்கு இருக்கவில்லை. அவருடைய வீட்டின்மேல் ஷெல் விழவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. கணவர் எங்கே என்று தெரியாமல் அவர் அலுவலகம் அலுவலகமாக அலையவில்லை. அவர் எழுதியது உலகம் வாசிக்கும் பாஷையில். எல்லோரும் ஐந்து மணிக்கு எழும்பினால் இலட்சாதிபதி ஆகலாம் என்று நான் சொன்னால் அது பொய். நாற்பது தடவை திரும்பி வந்தும் நாற்பத்தோராவது தடவையும் திரும்பி வந்த கதைகள் எத்தனையோ இருக்கும்.

எங்கள் ஐந்து மணி எங்கே போகிறது என்றால், அது கிணற்றடிக்குப் போகிறது. அடுப்படிக்குப் போகிறது. பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போகிறது. அது வீண்போகவில்லை. அந்த நேரத்தில்தான் நாங்கள் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினோம். அதற்காக எவரும் வெட்கப்படத் தேவையில்லை.

ஆனால் எனக்குள்ளே இன்னொன்றும் உறுத்துகிறது. 1994 இல் நான் வெளிவாரிப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பப் படிவம் எடுத்து வைத்திருந்தேன். அடுத்த வருடம் இடப்பெயர்வு. அதற்கடுத்த வருடம் கணவரின் இழப்பு. பிள்ளைகள் வளரட்டும் என்றேன். வளர்ந்தார்கள். மகளின் கலியாணம் முடியட்டும் என்றேன். முடிந்தது. பிறகு ஓய்வுபெறட்டும் என்றேன். எங்கெங்கோ ஓடி, எத்தனையோ பொருட்களைத் தொலைத்தும் அந்தப் படிவம் மட்டும் என் தகரப் பெட்டிக்குள் இன்றும் இருக்கிறது. முதல் பத்து வருடங்களை யுத்தம் என்னிடமிருந்து எடுத்தது, உண்மைதான். அதற்குப் பிந்திய வருடங்களை நானே கொடுத்துவிட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். எனக்கென்று ஒரு அரை மணித்தியாலத்தை வைத்துக்கொள்வது சுயநலம் என்று நினைத்திருந்தேன்.

மேரி அந்த இரண்டு மணித்தியாலத்தில் வீட்டு வேலை செய்யவில்லை. செய்தால் செய்ய ஆயிரம் வேலை இருந்திருக்கும். அவர் அந்த நேரத்தை யாருக்கும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அதுவும் சம்பளம் தரும் வேலையை விட்டுவிட்டல்ல. பகல் குடும்பத்துக்கு, விடியற்காலை தனக்கு.

இந்த மாதக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். சகோதரிகள் யோசித்தார்கள். ஒருவர், தன் பதினாறு வயது மகனுக்கு இன்னும் தேநீர் போடத் தெரியாது என்றார். "பழக்குங்கோ" என்று மூன்று நான்கு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். இன்னொருவர், சாதாரண தரப் பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மறுபடியும் எழுத விருப்பம் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவருக்கு வயது நாற்பத்திரண்டு. ஐம்பத்தொரு வயதில் பட்டம் பெற்றவரின் கதையைக் கேட்ட பிறகு யாரும் சிரிக்கவில்லை.

முதலில் கேள்வி கேட்ட சகோதரி கடைசிவரை பேசாமல் இருந்தார். எல்லோரும் போன பின்னர் என்னிடம் வந்து, ஒற்றை ரூல் கொப்பி ஒன்று இருந்தால் தரும்படி கேட்டார். தன் மூத்த மகனைப் பற்றி எழுதி வைக்க வேண்டுமாம். அவனுக்கு என்ன நடந்தது என்று பலரிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். எழுதிக்கொண்டவர்கள் உண்டு, திரும்பி வந்து வாசித்துக் காட்டியவர்கள் இல்லை.

"நான் சொன்னதை நானே எழுதி வைக்கப்போறன், ரீச்சர். அரை மணித்தியாலம் காணும்."

நான் கொப்பியையும் பேனையையும் கொடுத்தேன். அன்றிரவு தகரப் பெட்டியைத் திறந்து பழைய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அது இனிச் செல்லாது. புதிய படிவம் எடுக்க வேண்டும்.